ஒத்திகையில் இடிந்த வீடு

ஒரு நல்ல வீட்டை இடிப்பதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும், இல்லாவிட்டால் பூகம்பமாவது வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மைசூருக்கு வந்து பார்க்கவேண்டும். இங்கே ஒரு ரப்பர் முத்திரை போதும். அதையும் வைக்கவேண்டிய இடத்தில் வைக்காமல் விட்டாலே போதும்.

எண்பதுகளின் நடுவில் ‘நகர ஆவணப் புனர்ஜீவன ஆணையம்’ என்று ஒன்று இங்கே முளைத்தது. ஊரில் தீப்பிடித்தாலோ, வெள்ளம் வந்தாலோ, கரையான் அரித்தாலோ, வீடு வாசல், குழாய், சாக்கடை என்று ஊரின் அத்தனை பதிவுகளையும் ஒரு காந்த நாடாவிலிருந்து மறுபடி உயிர்ப்பித்துக் கொடுப்பது அதன் வேலை. தீயும் பிடிக்கவில்லை, வெள்ளமும் வரவில்லை. கரையான்கூட ஒத்துழைக்கவில்லை. ஆகவே ஆணையத்துக்கு வேலை இல்லை. வேலையில்லாத ஆபீஸை நம்பித் தெருவில் நடக்கக்கூடாது. என்றைக்காவது தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அது ஒத்திகை பார்க்க ஆரம்பித்தது.

ஆணையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மனுஷர்கள் உட்காரும் அறையில் மின்விசிறி சுற்றாது; அதற்கு மட்டும் தனி அறை, குளிர்சாதனம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும் என்ற போர்டு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். ஒத்திகை என்று கட்டளை கொடுத்தால் அது பதிவுகளில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாது. பழைய நாடாவில் இருப்பதை நிஜமாகவே திரும்ப வைத்தால் என்னென்ன மாறும் என்று அச்சடித்து மட்டும் காட்டும். அந்த மட்டில் இயந்திரம் யோக்கியம்தான்.

அச்சடித்தது எதில் என்கிறீர்கள்? உத்தரவுக் காகிதத்தில். வெறும் காகிதம் வாங்க டெண்டர் விடவேண்டும், அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. உத்தரவுக் காகிதம் என்பது மேலே ஒன்று, அடியில் ஐந்து, நடுநடுவே கார்பன். அச்சு முடிந்ததும் குமாஸ்தா நஞ்சம்மா மேல் காகிதத்தில் ‘ஒத்திகை மட்டும்’ என்று ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்தி, கோப்பில் வைத்துக்கொள்வாள். அடிக் காகிதங்கள் ஐந்தும் விதிப்படி அன்றைக்கே தண்ணீர், மின்சாரம், தபால், சாலை, கட்டுமானம் என்று ஐந்து இலாகாக்களுக்குப் போய்விடும். அச்சு இயந்திரத்தின் அழுத்தம் ஆறு காகிதத்தையும் தாண்டி இறங்கும். ரப்பர் முத்திரையின் மை முதல் காகிதத்தோடு நின்றுவிடும். இது பள்ளிக்கூடத்துக் குழந்தைக்குத் தெரியும். குழந்தைகளை ஆணையத்தில் வேலைக்கு வைக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் வைத்யநாதனின் வீட்டுக்கு ஒருநாள் காலை தண்ணீர் நின்றது.

வைத்யநாதன் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசிகெரே, ஹாசன், நஞ்சன்கூடு என்று ஆயுசு முழுக்க ரயில்வே குடியிருப்பில் காலம் தள்ளிவிட்டு, விஜயநகரில் நானூற்றுப் பதினேழாம் எண் மனையில் சொந்தமாக ஒரு வீடு கட்டியிருந்தார். அவர் மனைவி அன்னபூர்ணிக்கு அந்த வீடு வீடல்ல, பிராணன். குடியிருப்புச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் மேலிடத்தைக் கேட்டே பழகியவள். கிரகப்பிரவேசத்தன்று சாயங்காலம், மாட்டுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்திலும் ஆணி அடித்துத் தீர்த்துவிட்டாள்.

தண்ணீரை நிறுத்தியவன் வால்வு திறக்கும் கரியப்பன். வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

“தப்பு திளிக்கோபேடி சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஆர்டர் பந்திதே. இந்த ஜாகால வீடே இல்லையாம். தண்ணித் தொட்டி கட்டற ஜாகாவாம்.”

“வீடு இல்லையா? அப்ப நீ எங்கேடா நிக்கறே?” என்றாள் அன்னபூர்ணி.

“நானு ஏனு மாடலி அம்மா, என்ன பண்றது? பேப்பர்ல அப்படித்தான் இதே.”

விஷயம் இதுதான். நாடாவில் பதிவு ஏற்றிய காலத்தில் விஜயநகர் வெறும் பொட்டல். மனைக்குக் கோடு கிழித்திருந்தார்கள், அவ்வளவே. அப்போது நானூற்றுப் பதினேழில் தண்ணீர்த் தொட்டி வருவதாக இருந்தது. பிறகு தொட்டி வேறு இடத்துக்குப் போய், மனை வைத்யநாதனுக்கு வந்தது. நாடாவுக்கு அது தெரியாது.

வைத்யநாதன் குடையை எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போனார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. ரயில்வேயிலும் விபத்து ஒத்திகை உண்டு. தப்பு நடந்திருக்கும், சொன்னால் சரிசெய்வார்கள் என்று நம்பினார். பாவம், ரயில்வேயில் ஒத்திகை விபத்தில் யாரும் நிஜமாகச் சாவதில்லை.

ஆணையத்தின் இயக்குநர் மாணிக்கவாசகம் அவரை உட்காரச் சொன்னார். மனுஷர் மகா மரியாதைக்காரர். மரியாதை இல்லாமல் ஒருவருடைய குரல்வளையையும் அவர் பிடித்ததில்லை.

“சார், நீங்க ரயில்வே மனுஷர். உங்களுக்கு நான் சொல்லணுமா? ஒத்திகைன்னா என்ன? ஒண்ணும் நடக்காதது. ஒண்ணுமே நடக்காத ஒரு காரியத்துல உங்க வீட்டுத் தண்ணி எப்படி நிக்கும்?”

“நின்னுடுத்தே சார்.”

“அது உங்க அபிப்பிராயம்.”

“குழாயைத் திறந்தா காத்துதான் வரது சார்.”

“காத்து வருதுன்னா குழாய் இருக்குன்னுதானே அர்த்தம்? குழாய் இருந்தா கனெக்ஷன் இருக்கு. நஞ்சம்மா, கனெக்ஷன் இருக்குன்னு சார் ஒத்துக்கறார், எழுதிக்கோ.”

நஞ்சம்மா எழுதிக்கொண்டாள். வைத்யநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“எப்படியோ சார், அந்த உத்தரவை ரத்து பண்ணிடுங்கோ.”

மாணிக்கவாசகம் வருத்தத்தோடு சிரித்தார். “செஞ்ச காரியத்தைத்தான் சார் ரத்து பண்ண முடியும். செய்யாததை ரத்து பண்ணினா, செஞ்சோம்னு ஆயிடும். ஆணையத்துக்கு அது எவ்வளவு பெரிய களங்கம்? ஆனா உங்க மனக்குறைக்காக ஒண்ணு பண்றேன். இன்னொரு ஒத்திகை போட்டுப் பார்த்துடறேன்.”

போட்டுப் பார்த்தார். மறுநாள் மின்சாரம் போயிற்று. அதற்கு அடுத்த வாரம் தபால் நின்றது. டெல்லியிலிருந்து மகள் சீதாலக்ஷ்மி எழுதிய கடிதம் ‘அப்படி ஒரு வீடு இல்லை’ என்று அவளிடமே திரும்பிப் போனது. அவள் அலறியடித்துக்கொண்டு தந்தி கொடுத்தாள். தந்தியும் திரும்பிப் போனது. கடைசியில் பெண் கைக்குழந்தையோடு ரயிலேறி வந்து, அப்பாவும் அம்மாவும் சிம்னி வெளிச்சத்தில் மோர் சாதம் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள்.

பாதிக்கப்பட்டது இவர்கள் மட்டுமா? பக்கத்து மனைக்காரர் குப்புசாமி, ‘கரடி மனை’ என்று இங்கே சொல்கிற உடற்பயிற்சிக் கூடத்தில் குஸ்தி கற்றுத்தரும் பயில்வான். தசராக் குஸ்தியில் ஒரு காலத்தில் பேர் வாங்கியவர். நாடாவில் அவர் வீட்டின் பின்பாதி சாலை. சாலை இலாகாக்காரர்கள் வந்து ஒத்திகையாக அவருடைய கழிவறையை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்கள். பயில்வான் தினமும் விடியலில் செம்பும் கையுமாகப் பொட்டலுக்கு நடந்தார். அந்த வரிசையில் இன்னும் ஏழெட்டு வீடு, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அழுகை.

கார்பன் விவகாரத்தை வைத்யநாதனிடம் சொன்னவன் பாச்சு. ஆணையத்தில் கம்ப்யூட்டரை ஓட்டுகிற பையன். அவரிடம் சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

“சீல் மேல் காப்பிலதான் விழறது மாமா. கீழே போறதெல்லாம் நிஜ ஆர்டர் மாதிரியே இருக்கு. நான் அன்னிக்கே சொன்னேன். உன் வேலை மிஷினோட நிக்கட்டும்னுட்டார் டைரக்டர்.”

வைத்யநாதன் மறுபடி ஓடினார். ஆறு காகிதத்திலும் முத்திரை வைத்துவிட்டால் தீர்ந்ததே என்றார். மாணிக்கவாசகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்ல யோசனைதான் சார். ஆனா கையேட்டுல ஒரு உத்தரவுக்கு ஒரு முத்திரைன்னு இருக்கு. ஆறு வெச்சா ஆறு ஒத்திகை நடந்ததா ஆயிடும். நாளைக்கு ஆடிட்ல நீங்களா வந்து பதில் சொல்வீங்க?”

“என் வீடு போயிடும் போல இருக்கே சார்!”

“எங்கே போகும்? பாச்சு, சாரோட வீட்டை மிஷின்ல காட்டு.”

பாச்சு காட்டினான். திரையில் பச்சை எழுத்தில் நானூற்றுப் பதினேழு, வைத்யநாதன், குடியிருப்பு, குடிநீர் உண்டு, மின்சாரம் உண்டு என்று பளிச்சென்று இருந்தது. ஒத்திகை பதிவைத் தொடவில்லை அல்லவா?

“பார்த்தீங்களா? அம்சமா இருக்கு,” என்றார் மாணிக்கவாசகம்.

அன்றைக்கு வீடு திரும்பிய வைத்யநாதன் மனைவியிடம், “நம்மாத்துல தண்ணி வரதாம்டி,” என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க அசடா, அவன் அசடா?” என்று கேட்டாள். அவர் குடையை ஆணியில் மாட்டினார்.

ஐந்தாவது காகிதம் கட்டுமான இலாகாவுக்குப் போயிருந்தது. அந்த இலாகா எந்தக் காகிதத்துக்கும் மாதக்கணக்கில் அசையாது என்று ஊரே சத்தியம் செய்யும். இதற்கு மட்டும் அசைந்தது, நம் தலையெழுத்து.

கடப்பாரையோடு வந்தவர்களுக்கு மேஸ்திரி அய்யாவு, கொள்ளேகால் பக்கத்து ஆள். வாசலில் கோலத்தைப் பார்த்ததும் தயங்கி நின்றான்.

“ஏனுங்க, குடியிருக்கற ஊடுங்களா இது? பொட்டல்ல தொட்டிக்கு அஸ்திவாரம் தோண்டோணும்னுதானுங்க சொன்னாங்க.”

வைத்யநாதன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “கொஞ்சம் இருப்பா. நான் போய் அவாளை அழைச்சுண்டு வரேன்.”

அழைக்கவே வேண்டியிருக்கவில்லை. இயக்குநர் தாமாகவே வந்து இறங்கினார், ஷாமியானாவோடு. உத்தரவு களம் வரைக்கும் போய்ச் சேர்ந்த முதல் ஒத்திகை இதுதானாம். பெங்களூரிலிருந்து இரண்டு பெரிய அதிகாரிகள் பார்க்க வந்திருந்தார்கள். மாலை, மைக், பிஸ்கட், காபி. வைத்யநாதன் மாலைகளுக்கு நடுவில் புகுந்து இயக்குநரின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

“சார், இது ஒத்திகைன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோ சார். ஒரே ஒரு வார்த்தை!”

“சொல்லக்கூடாது சார். ஒத்திகைன்னு தெரிஞ்சா வேலை செய்யறவன் ஒழுங்கா செய்யமாட்டான். அப்புறம் அது என்ன ஒத்திகை?”

பிறகு மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே! தீப்பிடித்தபின் கிணறு வெட்டுகிற நிர்வாகங்களை நாம் பார்த்திருக்கிறோம். தீயே இல்லாதபோது அணைத்துக் காட்டுகிற நிர்வாகம் நம்முடையது! இன்று இங்கே ஒரு செங்கல்கூட அசைக்கப்படவில்லை, ஒரு குடிமகனுக்கும் ஒரு சிரமமும் இல்லை...”

முன்னறைச் சுவர் அப்போது விழுந்தது. செம்மண் புழுதி எழும்பி மைக்கை மூடியது. இயக்குநர் இருமினார், கைக்குட்டையால் பேச்சுக் காகிதத்தைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பெங்களூர் அதிகாரிகள் பிஸ்கட் தட்டைக் கையால் மூடிக்கொண்டு மற்றொரு கையால் தொடையில் தட்டி ஆமோதித்தார்கள்.

அன்னபூர்ணி சமையலறையை விட்டு வர மறுத்து, அம்மியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அய்யாவு கும்பிட்டான். “அம்மிணி, வெளிய வந்துருங்க. மேல உளுந்துச்சுன்னா பாவம் என்னைத்தான் சேரும்.” சீதாலக்ஷ்மி வந்து அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள். வெளியே வந்த அன்னபூர்ணி அழவில்லை. வைத்யநாதனுக்கு அவள் திட்டாததுதான் பயமாக இருந்தது. வெயில் தாழ்வதற்குள் வீடு கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. தொட்டிக்கு அஸ்திவாரம் தோண்டவில்லை. அதற்கான சிமென்ட், ஒத்திகை என்பதால் அனுமதிக்கப்படவில்லையாம். பார்த்தீர்களா, அங்கே மட்டும் முத்திரை வேலை செய்திருக்கிறது!

மகள் கூப்பிட்டும் அன்னபூர்ணி டெல்லிக்குப் போக மறுத்தாள். பயில்வான் தன் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். வைத்யநாதன் எழுதாத மனு இல்லை, ஏறாத படி இல்லை. எல்லா இலாகாவும் ஆணையத்தைக் கேட்டது. ஆணையம் கம்ப்யூட்டரைக் கேட்டது. கம்ப்யூட்டர் வீடு இருக்கிறது என்றது. இருக்கிற வீட்டுக்கு யார் நஷ்டஈடு கொடுப்பார்கள்? இருக்கிற வீட்டை யார் கட்டிக்கொடுப்பார்கள்?

சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று இடிபாட்டின் ஓரத்தில் நான்கு மூங்கில் நட்டுத் தகரம் போட்டார். மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. ஒத்திகை இல்லை, அசல். ஏற்கெனவே வீடு உள்ள மனையில் அனுமதியின்றி இரண்டாவது வீடு கட்டுவது குற்றம், உடனே பிரிக்கவேண்டும்.

வைத்யநாதன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. அன்னபூர்ணி பயந்துபோய் அவர் முதுகைத் தடவினாள். அவர் சிரித்து முடித்தபோது கண் சிவந்திருந்தது. “இவா யாரும் மனுஷாளே இல்லடி,” என்றார். அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தையை அவள் அதுவரை கேட்டதில்லை.

இந்தச் சமயத்தில்தான் மாணிக்கவாசகத்துக்கு விருது வருவதாக இருந்தது. ஒத்திகையால் யாருக்கும் பக்கவிளைவு இல்லை என்று அவரே நேரில் பார்த்துச் சான்று எழுத வேண்டும் என்று பெங்களூர் கேட்டிருந்தது. நஞ்சம்மாவையும் ஒரு பத்திரிகை நிருபரையும் அழைத்துக்கொண்டு ஜீப்பில் வந்தார். தெருவே கூடிவிட்டது.

அன்னபூர்ணி எதிரே போய்க் கைகூப்பினாள். “வாங்கோ, வாங்கோ. தெருவிலே நின்னு பார்த்தா எப்படி? ஆத்துக்குள்ள வந்து பாருங்கோ.”

இயக்குநர் ஒரு கணம் நிருபரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். நிலைப்படி இருந்திருக்கவேண்டிய இடத்தில் தலை இடிக்காமல் குனிந்து, உள்ளே போனார். உடைந்த செங்கல் மேல் வெறுங்காலோடு நடந்து ஒரு கருங்கல்லில் உட்கார்ந்தார்.

“நல்ல வீடம்மா. காற்றோட்டமா இருக்கு,” என்றார்.

“சந்தோஷம்,” என்று சொல்லிவிட்டு அன்னபூர்ணி வெளியே வந்தாள். காற்றில் இரண்டு கதவை இழுத்துச் சாத்தினாள். இடுப்பிலிருந்து பூட்டை எடுத்து, காற்றிலேயே பூட்டி, சாவியை முடிந்துகொண்டாள். “ஆம்படையான் வந்தாத்தான் திறப்பேன். அவர் கோவிலுக்குப் போயிருக்கார்,” என்றாள். வைத்யநாதன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இருந்தும் அவர், தாம் கோவிலில்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

உச்சி வெயில். எந்தப் பக்கம் எழுந்து நடந்தாலும் தெருதான். ஆனால் சுவர் வழியாக ஒரு அரசாங்க அதிகாரி எப்படி வருவார்? வந்தால் சுவர் இல்லை என்று ஆகிவிடாதா? நிருபர் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு காத்திருந்தார். இயக்குநர் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார். தலை சுற்றியிருக்கவேண்டும், கடைசியில் எழுந்து நின்று உரக்க அறிவித்தார்.

“நஞ்சம்மா, எழுதிக்கோ. நான் இப்போ வெளியே வர்றது ஒத்திகை. நிஜமா நான் உள்ளேதான் இருக்கேன்.”

சொல்லிவிட்டு இடிந்த சுவரைத் தாண்டி வந்தார். காத்திருந்த அன்னபூர்ணி அவர் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

இயக்குநர் ஜீப்பைப் பார்த்துக் கத்தினார்.

“ஏய்! போலீஸ்! போலீஸைக் கூப்பிடு!”

“எதுக்குப் போலீஸ்? இது ஒத்திகைதானே. ஒண்ணும் நடக்கலையே,” என்றாள். “நீங்கதான் உள்ளே இருக்கேளே? என்ன, வலிக்கறதா?”

நஞ்சம்மா பேனாவைத் தூக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். நிருபரும் பார்த்தார். மாணிக்கவாசகத்தின் கன்னத்தில் ஐந்து விரலும் சிவப்பாக எழும்பிக்கொண்டிருந்தன. கண்ணில் நீர் கட்டியிருந்தது. இருபத்தைந்து வருஷ சர்வீஸ், வரப்போகிற விருது, ஆணையத்தின் மானம் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு புன்னகை செய்தார்.

“இல்லை. வலிக்கலை. எதுவும் நடக்கலை,” என்றார்.

“அப்படின்னா ஸ்வல்ப நில்லுங்க சார்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். குப்புசாமி பயில்வான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “நம்முதும் ஒரு ஒத்திகை பாக்கி இருக்கு.” அவருக்குப் பின்னால் அந்த வரிசையின் மற்ற வீட்டுக்காரர்களும் ஒருவர்பின் ஒருவராக நின்றுகொண்டார்கள்.

இயக்குநர் பயில்வானின் உள்ளங்கையைப் பார்த்தார். முறத்தின் அகலம் இருந்தது. அவருடைய புன்னகை ஓரத்தில் ஆரம்பித்து மெதுவாக உதிர்ந்தது.

“வலிக்குது,” என்றார். பிறகு அன்னபூர்ணியின் பக்கம் திரும்பினார். “வீடு இல்லைம்மா. உங்க வீடு போச்சு. நாங்கதான் இடிச்சோம்.”

நஞ்சம்மா எழுதினாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை மாதம் படியேறினார்கள். கேட்டதும் அன்னபூர்ணி இடிந்த சுவரின் மேலேயே உட்கார்ந்து, வீடு விழுந்த நாளில் அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதாள். வைத்யநாதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.